கட்டத்துக்குள் ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள்: கேம் தியரி பாடநூலைப் படிக்கும் முறை

ஒருவர் எடுக்கும் முடிவின் பலன் மற்றவர் எடுக்கும் முடிவையும் பொறுத்தது என்றால் என்ன செய்வது என்று ஆராயும் கணிதம்தான் கேம் தியரி. அதைக் கற்றுக்கொள்ளும் ஆசையில் நான் முதலில் படித்தது கதையாகச் சொல்லும் ஒரு புத்தகம். நாலே நாளில் முடித்துவிட்டேன். கைதிகள், ஏலம், போட்டிக் கம்பெனிகள் என்று எல்லாமே தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. கைதிகள் கதை இதுதான்: தனித்தனி அறையில் இருக்கும் இருவரும் வாய் திறக்காவிட்டால் இருவருக்கும் குறைந்த தண்டனை, ஆனால் மற்றவர் என்ன செய்தாலும் காட்டிக்கொடுப்பதுதான் தனக்கு லாபம், அதனால் இருவரும் காட்டிக்கொடுத்து இருவரும் கூடுதல் தண்டனை வாங்குகிறார்கள். அந்த வாரமே தங்கை கேட்டாள்: "அக்கா, சமநிலைன்னா ரெண்டு பேருக்கும் நல்லதுன்னு அர்த்தமா?" ஆமாம் என்றேன். "அப்புறம் ஏன் அந்தக் கைதிங்க ரெண்டு பேரும் காட்டிக்கொடுத்துட்டு உள்ள போறாங்க?" எனக்குப் பதில் வரவில்லை. கதைகள் எல்லாம் மனசில் நின்றன, ஆனால் சமநிலை என்றால் என்ன என்று ஒரு வரியில் சொல்லத் தெரியவில்லை.

உடனே எதிர்த் திசைக்கு ஓடினேன். முதுகலை மாணவர்களுக்கான நூல் ஒன்றை எடுத்து, பதினோராம் பக்கத்தில் குறியீடுகளுக்கு நடுவே நின்றுவிட்டேன். மூன்றாவதாகக் கிடைத்தது இரண்டுக்கும் இடைப்பட்டது. பள்ளிக் கணக்கு தெரிந்தவருக்குப் புரியும் மொழி, அதே நேரம் வரையறையில் ஒரு சொல்கூட ஏனோதானோவென்று இருக்காது. அதோடு பதினோரு மாதம் இருந்தேன். தங்கை எதிர் ஆட்டக்காரியாக இருந்தாள். அந்தப் பதினோரு மாதத்தில் எது உதவியது, எங்கே மாட்டிக்கொண்டேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்தப் புத்தகத்தை எடுப்பது

முன்னுரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எல்லா முன்னுரையும் "எளிமையாகச் சொல்கிறோம்" என்றுதான் சொல்லும். நேராக நாஷ் சமநிலை வரும் அத்தியாயத்துக்குப் போங்கள் (இத்துறையின் மையக் கருத்து அது, வரையறையைக் கீழே சொல்கிறேன்). வரையறை தனியாக, ஒரு சொல்லையும் விடாமல் எழுதப்பட்டிருக்கிறதா? அதற்கு அடுத்த பக்கத்திலேயே ஓர் ஆட்டத்தை எடுத்து, வரையறையைப் படிப்படியாகப் பொருத்திக் காட்டுகிறார்களா? பயிற்சிக் கணக்குகளில் பாதிக்காவது விடை இருக்கிறதா? தனியாகப் படிப்பவருக்கு விடை இல்லாத புத்தகம் பெரிய கஷ்டம்.

இவற்றைவிட நான் நம்பும் சோதனை வேறொன்று. ஆட்டத்தைக் கட்டமாகப் போட்டு, ஒவ்வொரு தேர்வுக்கும் ஆளுக்கு என்ன பலன் என்று அதற்குள் எண் எழுதுவார்கள். அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்று புத்தகம் சொல்கிறதா என்று பாருங்கள். 4, 3, 0 என்று பலன்களை எழுதுகிறார்களே, அது பணமா, திருப்தியா, வெறும் வரிசையா? நேர்மையான நூல் ஆரம்பத்திலேயே சொல்லிவிடும்: இப்போதைக்கு இது வரிசை மட்டும், 4 என்றால் 3ஐவிட அவருக்குப் பிடித்தது, அவ்வளவுதான். பிறகு நிகழ்தகவு நுழையும் அத்தியாயத்தில் அதே நூல் ஒரு கணம் நின்று, இனிமேல் எண்களின் அளவும் பேசும் என்று எச்சரிக்கும். இந்த இரண்டு இடமும் இருக்கும் புத்தகத்தை நம்பி எடுக்கலாம். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது கீழே மான் வேட்டை என்ற ஆட்டத்துக்கு வரும்போது தெரியும்.

ஜான் வான் நாய்மனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னும் 1944இல் வெளியிட்ட மூல நூலில் தொடங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அறுநூறு பக்கத்துக்கு மேல் போகும் பெரிய நூல் அது. மேலும் இன்று முதல் பாடமாகச் சொல்லித்தரும் நாஷ் சமநிலை அதில் கிடையாது. ஜான் நாஷ் அதை 1950இல்தான், ஒரு பக்கத்துக்குச் சற்றே நீளும் குறிப்பாக வெளியிட்டார்.

கணக்கில் என்ன தெரிந்திருக்க வேண்டும்? கணம், சார்பு, சமனிலி, நிகழ்தகவில் சராசரி எடுப்பது. இவ்வளவு போதும். நுண்கணிதம் சில அத்தியாயங்களில் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் புத்தகம் மூடியே இருக்கட்டும்

21 குச்சிகளை வரிசையாக வையுங்கள். இருவர் மாறி மாறி எடுக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒன்று, இரண்டு அல்லது மூன்று எடுக்கலாம். கடைசிக் குச்சியை எடுப்பவர் வென்றவர். பத்து முறையாவது ஆடுங்கள். நானும் தங்கையும் முதல் நாள் மனம்போன போக்கில் ஆடினோம். இரண்டாம் நாள் அவள் சொன்னாள்: "நாலு குச்சி மிச்சம் வெச்சுட்டு எங்கிட்ட குடுத்தா நான் தோத்துட்டேன்." அங்கிருந்து பின்னால் போனால் 8, 12, 16, 20. அப்படியானால் முதலில் ஆடுபவர் ஒரே ஒரு குச்சியை எடுத்து 20ஐ விட்டுவைத்தால் போதும். பிறகு எதிராளி எத்தனை எடுத்தாலும் அதையும் சேர்த்து நான்கு ஆகும்படி எடுத்துக்கொண்டே போகலாம்.

முடிவிலிருந்து பின்னோக்கி வரும் இந்த யோசனை சதுரங்கத்துக்கும் பொருந்தும். சதுரங்கத்தில் உறுதியான வெற்றி வழி உண்டா என்ற கேள்வியைக் கணிதவியலாளர் எர்ன்ஸ்ட் செர்மெலோ 1913இலேயே ஆராய்ந்தார். வெள்ளைக்கு உறுதியான வெற்றி வழி உண்டு, அல்லது கறுப்புக்கு உண்டு, அல்லது இருவராலும் சமன் செய்ய முடியும். இந்த மூன்றில் ஒன்றுதான் உண்மை. மூன்றில் எது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. குச்சி ஆடிய கையோடு இந்த வரியைப் படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

கட்டம் போட்டு, கோடு போட்டு

இப்போது புத்தகத்தைத் திறங்கள். பென்சில், அழிப்பான், கட்டம் போட்ட நோட்டு பக்கத்தில் இருக்கட்டும். நாஷ் சமநிலையின் வரையறை ஏறக்குறைய இதுதான்: ஒவ்வொருவரும் ஒரு உத்தியைத் தேர்ந்திருக்கிறார்கள், மற்றவர்கள் தங்கள் உத்தியிலேயே இருக்கும்போது, தான் மட்டும் மாறி எவராலும் கூடுதல் பலன் பெற முடியாது. இதில் உயிர்நாடி "தான் மட்டும்" என்பது. தங்கையின் கேள்விக்கு விடையும் அங்கேதான் இருக்கிறது. கைதிகள் இருவரும் சேர்ந்து மாறினால் இருவருக்கும் நல்லதுதான். ஆனால் சமநிலை அதைக் கேட்கவே இல்லை. ஒருவர் மட்டும் மாறினால் என்ன ஆகும் என்றுதான் கேட்கிறது.

தத்துவவாதி ரூசோ 1755இல் எழுதிய வேட்டைக் கதையைக் கட்டமாகப் போடுவோம். இருவர் வேட்டைக்குப் போகிறார்கள். இருவரும் மானுக்காகக் காத்திருந்தால் ஆளுக்கு 4. ஒருவர் மானுக்குக் காத்திருக்க, மற்றவர் முயலின் பின்னால் ஓடினால் காத்திருந்தவருக்கு 0, ஓடியவருக்கு 3. இருவரும் முயலைத் துரத்தினால் ஆளுக்கு 3. நான்கு கட்டங்கள், எட்டு எண்கள்.

வேலை இப்படி. எதிராளியின் தேர்வை விரலால் மூடிப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் "மான்" என்றால் எனக்கு மானில் 4, முயலில் 3. ஆகவே 4க்கு அடியில் கோடு. அவர் "முயல்" என்றால் எனக்கு மானில் 0, முயலில் 3. ஆகவே 3க்கு அடியில் கோடு. இப்போது இடம் மாறி அவருக்காகவும் அதையே செய்யுங்கள். இரண்டு எண்ணுக்கும் கோடு விழுந்த கட்டம் எதுவோ அதுதான் சமநிலை. இங்கே இரண்டு கிடைக்கும்: இருவரும் மான், இருவரும் முயல்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. நானும் ஆறு வாரம் அதைச் செய்தேன். "சமநிலை 4, 4" என்று விடை எழுதுவது. சமநிலை என்பது உத்திகளின் தொகுப்பு. "மான், மான்" என்றுதான் எழுத வேண்டும். பலன் அதன் விளைவு. சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் பெரிய ஆட்டங்களில் ஒரே பலனைத் தரும் பல உத்திகள் வரும்போது இந்தப் பழக்கம் உங்களைக் குழியில் தள்ளிவிடும்.

அடுத்ததுதான் நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணம். விடை வந்ததும் பக்கத்தைத் திருப்பாதீர்கள். கட்டத்துக்குள் ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள். மானுக்கு 4க்குப் பதில் 100 என்று போடுங்கள். கோடுகள் நகர்கின்றனவா? இல்லை. அதே இரண்டு சமநிலைகள். அந்த இரண்டும் வரிசையை மட்டும் நம்பி நிற்கின்றன என்பது இப்போது உங்கள் கைக்கே தெரியும். இப்போது ஒருவர் மட்டும் முயலுக்குப் போனால் கிடைக்கும் 3ஐ 5 ஆக்குங்கள், மானை மறுபடியும் 4 ஆக்கிவிடுங்கள். மான் சமநிலை காணாமல் போகும். எந்த எண்ணில் அது விழுந்தது? 4இல் நிற்குமா? வரையறையில் "கூடுதல்" என்ற சொல் எதற்கு என்று அந்த 4 சொல்லிக்கொடுக்கும். சமமான பலன் வந்தால் மாறுவதில் லாபம் இல்லை, ஆகவே சமநிலை நிற்கிறது. வரையறையைப் பத்து முறை படித்தபோது என் கண்ணில் படாத சொல் அது. எண்ணை மாற்றியபோதுதான் பட்டது.

உத்தி என்ற சொல்லில் மூன்று வாரம்

மரம் போலக் கிளைத்துப் போகும் ஆட்டங்கள் வரும் அத்தியாயத்தில்தான் பெரும்பாலானவர்கள் நிற்பார்கள் என்று நினைக்கிறேன். நான் மூன்று வாரம் நின்றேன். காரணம் ஒரே வரி: உத்தி என்பது ஒருவர் முடிவெடுக்க வேண்டி வரக்கூடிய ஒவ்வொரு இடத்திலும் என்ன செய்வார் என்ற முழுத் திட்டம், தன் திட்டப்படியே போனால் ஒருபோதும் வராத இடங்களும் இதில் சேர்த்தி.

ஓர் ஆட்டம் எடுத்துக்கொள்வோம். முதலில் என் முறை: நிறுத்தலாம், தொடரலாம். நிறுத்தினால் எனக்கு 1, தங்கைக்கு 0. தொடர்ந்தால் அவள் முறை. அவள் நிறுத்தினால் எனக்கு 0, அவளுக்கு 2. அவளும் தொடர்ந்தால் மறுபடி என் முறை. அங்கே நான் நிறுத்தினால் எனக்கு 3, அவளுக்கு 1. தொடர்ந்தால் எனக்கு 2, அவளுக்கு 4. அத்தோடு ஆட்டம் முடிந்தது.

எனக்கு எத்தனை உத்திகள்? மூன்று என்றேன்: முதலிலேயே நிறுத்து, தொடர்ந்து பிறகு நிறுத்து, இரண்டு முறையும் தொடர். புத்தகம் நான்கு என்றது. முதலிலேயே நிறுத்திவிட்டால் இரண்டாவது முறை என்று ஒன்று வரவே வராதே, அங்கே என்ன செய்வேன் என்று எதற்கு எழுத வேண்டும்? எரிச்சலாக இருந்தது.

எண்களை வைத்துப் பார்த்தபோதுதான் அந்த எரிச்சல் தீர்ந்தது. பின்னாலிருந்து வாருங்கள். கடைசி இடத்தில் எனக்கு 3ஆ 2ஆ? நிறுத்துவேன். அது தங்கைக்குத் தெரிந்தால், தொடர்ந்தால் அவளுக்கு 1தான், ஆகவே 2ஐ எடுத்துக்கொண்டு நிறுத்துவாள். அது எனக்குத் தெரிந்தால், தொடர்ந்தால் எனக்கு 0, ஆகவே முதலிலேயே நிறுத்தி 1ஐ எடுப்பேன். இப்போது கடைசி இடத்தில் என் திட்டம் "தொடர்" என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கைக்குத் தொடர்ந்தால் 4, ஆகவே தொடர்வாள். அப்படியானால் எனக்கு 2 வரும். முதலில் நிறுத்தி 1ஐ எடுப்பது முட்டாள்தனம் ஆகிவிடும். போகவே போகாத அந்தக் கடைசி இடத்தில் என் திட்டம் என்ன என்பதுதான் என் முதல் முடிவையே தீர்மானிக்கிறது. அதை எழுதாமல் விட்டால் முதல் முடிவு சரியா தவறா என்று சொல்லவே முடியாது. ராபர்ட் ரோசென்தால் 1981இல் எழுதிய நீண்ட ஆட்டம் ஒன்று இதே குடும்பம். அதற்குப் பூரான் ஆட்டம் என்று பெயர். உங்கள் புத்தகத்திலும் அது இருக்கும்.

இந்த இடத்தை மட்டும் வேகமாகக் கடக்காதீர்கள். வெற்று மிரட்டல் எது, நம்பத்தக்க மிரட்டல் எது என்று பிரித்துக்காட்ட ரைன்ஹார்ட் செல்ட்டன் 1965இல் கொண்டுவந்த கருத்து முழுவதும் இந்த ஒரு வரிமேல்தான் நிற்கிறது.

நிகழ்தகவு உள்ளே வரும்போது

மறுபடி மான் வேட்டை. இருவரும் நிச்சயமாகத் தேர்ந்தெடுக்காமல், குறிப்பிட்ட நிகழ்தகவோடு மானுக்கோ முயலுக்கோ போனால்? எதிராளி மானுக்குப் போகும் நிகழ்தகவை ப என்று வைப்போம். நான் மானுக்குப் போனால் சராசரியாக 4ப, முயலுக்குப் போனால் எப்படியும் 3. இரண்டும் சமமானால்தான் நான் கலந்து ஆட மனம் ஒப்புவேன். 4ப = 3, ஆகவே ப நான்கில் மூன்று. இது மூன்றாவது சமநிலை.

இப்போது 4ஐ 100 ஆக்குங்கள். 100ப = 3, ஆகவே ப நூறில் மூன்று! முன்பு 100 போட்டபோது ஒன்றுமே மாறவில்லை, இப்போது எல்லாமே மாறிவிட்டது. எண்களின் அளவு எப்போது பேசும், எப்போது பேசாது என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது இதுதான். "மான் அவ்வளவு பெருசுன்னா எல்லாரும் மானுக்குத்தானே போகணும், ஏன் குறையுது?" என்று தங்கை சண்டைக்கு வந்தாள். விடை இது: அவருடைய நிகழ்தகவு, அவருடைய ஆசையைப் பார்த்து வருவதில்லை. என்னை இரண்டுக்கும் நடுவே நிறுத்திவைக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. மான் 100 என்றால், அவர் வருவார் என்று நூறில் நாலு வாய்ப்பு இருந்தாலே நான் மானுக்கு ஓடிவிடுவேன்.

இது மனசில் படிய வேண்டும் என்றால் பெனால்டி உதையை நீங்களே போட்டுப் பாருங்கள். உதைப்பவரும் கோல்கீப்பரும் ஒரே நேரத்தில் இடமா வலமா என்று முடிவு செய்கிறார்கள் (இருவருக்கும் உதைப்பவரின் பார்வையில் இடம், வலம்). இருவரும் ஒரே பக்கம் போனால் கோல் விழ 50 சதவீதம், வேறு வேறு பக்கம் போனால் 80. கணக்கிட்டால் இருவரும் பாதிக்குப் பாதி, கோல் வாய்ப்பு 65. இப்போது ஒரே எண்ணை மாற்றுங்கள். உதைப்பவர் பயிற்சி எடுத்து, கீப்பர் வலம் போனபோது இடப்பக்கம் உதைத்தால் 100 சதவீதமும் கோல் என்று ஆக்கிவிட்டார். இனி அவர் இடப்பக்கம் அதிகம் உதைப்பாரா, குறைவாகவா?

அதிகம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கீப்பரைப் பாருங்கள். உதைப்பவர் இடப்பக்கம் உதைக்கும் நிகழ்தகவு ப. கீப்பர் இடம் பாய்ந்தால் கோல் வாய்ப்பு 50ப + 80(1 − ப), அதாவது 80 − 30ப. வலம் பாய்ந்தால் 100ப + 50(1 − ப), அதாவது 50 + 50ப. இரண்டையும் சமப்படுத்தினால் 80ப = 30, ப எட்டில் மூன்று. பாதியிலிருந்து குறைந்துவிட்டது! ஆனால் கோல் வாய்ப்பு 65இலிருந்து 68.75 ஆக ஏறியிருக்கிறது. இடப்பக்கத்துக்குப் பயந்து கீப்பர் எட்டில் ஐந்து முறை அந்தப் பக்கம் பாய்கிறார். வலப்பக்கம் திறந்து கிடக்கிறது. பயிற்சியின் லாபம் அந்த வழியாக வருகிறது. எட்டில் ஐந்து என்பதை நீங்களே வரவழைத்துப் பாருங்கள், நான் போட மாட்டேன்.

இது காகிதத்தோடு நிற்கும் கணக்கும் அல்ல. இக்னாசியோ பலாசியோஸ்-ஹுயெர்த்தா 2003இல் வெளியிட்ட ஆய்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உண்மையான பெனால்டி உதைகளை எடுத்துப் பார்த்தார். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு எந்தப் பக்கம் உதைத்தாலும் வெற்றி விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது, கோட்பாடு சொன்னபடியே.

எதைத் தாண்டிப் போகலாம்

எண்ணிக்கையில் அடங்கும் ஆட்டக்காரர்களும் உத்திகளும் இருந்தால், கலப்பு உத்திகளையும் (மேலே பார்த்தபடி நிகழ்தகவோடு கலந்து ஆடுவது) சேர்த்துக்கொண்டால், எந்த ஆட்டத்துக்கும் ஒரு சமநிலையாவது இருக்கும் என்பது நாஷின் தேற்றம். அதன் நிரூபணத்துக்கு நிலைப்புள்ளித் தேற்றம் என்ற வேறொரு கணித உலகம் வேண்டும். முதல் வாசிப்பில் விட்டுவிடுங்கள். ஆனால் தேற்றத்தின் நிபந்தனைகளை விடாதீர்கள். "ஆளுக்கு ஒரு முழு எண் சொல்ல வேண்டும், பெரிய எண் சொன்னவர் வென்றவர்" என்ற ஆட்டத்தில் ஏன் சமநிலை இல்லை என்று யோசித்தால், எண்ணிக்கையில் அடங்க வேண்டும் என்ற நிபந்தனை எதற்கு என்று புரிந்துவிடும்.

மற்ற சிறிய நிரூபணங்களைத் தாண்டாதீர்கள். மற்றவர்கள் என்ன செய்தாலும் தன்னைவிடக் கூடுதல் பலன் தரும் வேறொரு உத்தி இருந்தால், அந்த உத்தி கடுமையாக மேலோங்கப்பட்டது. அப்படிப்பட்டது எந்தச் சமநிலையிலும் இடம்பெறாது என்பதை நிரூபிக்க நான்கு வரிகூட வேண்டாம். புத்தகத்தை மூடிவிட்டு நீங்களே எழுதுங்கள். நான் வாரம் ஒன்று என்று வைத்துக்கொண்டேன்.

முக்கிய அத்தியாயங்கள் முடிந்ததும் வரிசையாகப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. இருவரை இணைசேர்க்கும் முறைகள் பிடித்தால் கேல், ஷேப்லி 1962இல் எழுதியது. விலங்குகளின் போட்டியை இந்தக் கணக்கால் பார்க்கப் பிடித்தால் மேனார்ட் ஸ்மித்தும் பிரைஸும் 1973இல் எழுதியது. நான் ஏலத்துக்குப் போனேன். வில்லியம் விக்ரி 1961இல் ஆராய்ந்த ஏலம் அது: எல்லோரும் மூடிய உறையில் விலை எழுதுகிறார்கள், அதிக விலை எழுதியவருக்குப் பொருள், ஆனால் அவர் கொடுப்பது இரண்டாவது விலையை. பொருள் தனக்கு எவ்வளவு மதிப்போ அதையே எழுதுவதைவிட நல்ல உத்தி இல்லை என்று காட்ட வேண்டும்.

முதலில் மதிப்பு 60 என்று வைத்து, 70 எழுதிப் பார்த்தோம். மற்றவர்களின் உச்ச விலை 50 என்றால் 60 எழுதினாலும் 70 எழுதினாலும் ஒன்றுதான். 80 என்றால் இரண்டிலும் தோல்வி. 65 என்றால் 70 எழுதியவர் வென்று, 60 மதிப்புள்ளதற்கு 65 கொடுக்கிறார். கூட்டி எழுதினால் நஷ்டம் வரக்கூடிய ஒரே இடம் அது. குறைத்து எழுதுவதைத் தங்கை போட்டாள், 52 என்று வைத்துக்கொண்டு. அதன்பின் அவளே அழிப்பானை எடுத்தாள். "இரண்டாவது விலை இல்லாம மூணாவது விலையைக் கட்டணும்னு மாத்தினா?" என்று எழுதி நோட்டை என் பக்கம் தள்ளினாள்.